இருபத்து மூன்றாம் ஸ்பீக்கர்

“சொல்லும்மா. இருபத்து மூணு மாட்டியாச்சு.”

சத்தம் இல்லை.

“சொல்லு, சொல்லு. நான் ரெடி.”

மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மெக்கானிக், உள்ளங்கை அகலமே இருந்த ஸ்பீக்கரைக் காதருகே கொண்டுபோனார். குலுக்கினார். பின்னால் இருந்த இரண்டு வயர்களையும் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார். நடுவில் இருந்த காகிதக் கூம்பை விரல் நுனியால் மெல்ல அமுக்கினார். அசைந்தது. ஆனால் பேசவில்லை. நோட்டில் 23 என்ற எண்ணுக்கு எதிரே ‘காயில் போச்சு. செத்தது’ என்று எழுதிவிட்டு, சோபாவுக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டியில் அதைப் போட்டார். பெட்டிக்குள் ஏற்கெனவே எட்டு கிடந்தன.

இருபத்து நான்கை மாட்டினார்.

“கடைசி வரிசை, அங்க என்ன பேச்சு?” என்றது இருபத்து நான்கு.

மெக்கானிக் கண்ணை மூடித் தலையாட்டினார். ‘24: கண்ணாடி மாதிரி’ என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம், சமையலறையில், ஒரு ஸ்டூலில் மைக் முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னவர் அவருடைய மனைவி. ஐந்தாம் வகுப்பு டீச்சர். முப்பத்து மூன்று வருடமாக அந்த வாக்கியத்தைச் சொல்லி வந்தவர். ‘மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ’ என்று சொல்லச் சொன்னபோது மறுத்துவிட்டார். மறுப்பு எழுத்தில் வந்தது: ‘அர்த்தமில்லாததை நாற்பது தடவை சொல்ல மாட்டேன்.’

நான்கு மாதத்துக்கு முன்னால் டீச்சருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்பி வந்துவிட்டது, பலம் வரவில்லை. மூன்றாவது பெஞ்சு வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பேசக்கூடாது, கத்தக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீதி நேரத்துக்கு, பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கமும் சிவப்புப் பேனாவும். அப்படியாக வீட்டில் சண்டையெல்லாம் எழுத்துக்கு மாறியது. முதலில் மெக்கானிக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி முடிப்பதற்குள் பதில் யோசித்துவிடலாம். ஒரு மாதம் போன பிறகுதான் அதிலுள்ள ஆபத்து தெரிந்தது. டீச்சர் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். ‘மூன்றாம் தேதி நீங்கள் ஒப்புக்கொண்டது இது’ என்று எடுத்துக் காட்டினார்.

ஸ்பீக்கர் விஷயம் எங்கே ஆரம்பித்தது என்றால், டீச்சர் பணி ஓய்வு பெறப்போவதில். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் பிரிவு உபசாரம். ஆறு நிமிடப் பேச்சு ஒன்று எழுதி வைத்திருந்தார். ஹால் ரயில்வே பிளாட்பாரம் மாதிரி நீளம், மேலே தகரக் கூரை. அங்கே எப்போதும் கட்டுவது டீச்சரின் தம்பி நடத்தும் மைக்செட்டின் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். அந்தக் குழாய் வழியாகப் போகிற பேச்சு கூரையில் மோதி, பின்சுவரில் மோதி, திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பழைய குரல் இருந்தபோது டீச்சர் மைக்கையே தொட்டதில்லை. இப்போது தலைமையாசிரியர் தாமாகவே முன்வந்திருந்தார். “நீங்க சிரமப்படாதீங்க டீச்சர். பேச்ச எங்கிட்ட குடுங்க, நான் வாசிச்சுடறேன்.” அவருக்கு வெண்கலத் தொண்டை. ஆனால் எதை வாசித்தாலும் ஆஜர் பட்டியல் வாசிப்பதுபோல வாசிப்பார். யார் வாசிப்பது என்று வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

தலைமையாசிரியர் அப்படிக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து டீச்சர் எழுதிய சீட்டை மெக்கானிக் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ‘நான் எதிரில் உட்கார்ந்திருக்க, என் பேச்சை அவர் வாசித்தால், நான் செத்துப்போன மாதிரி இருக்கும்.’

மெக்கானிக் என்றால் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிப்ட் பார்ப்பவர். குடியிருந்தது நான்காவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இதைப் பற்றிச் சொல்லக்கூடிய எல்லா ஜோக்குகளையும் அவர் கேட்டு முடித்து இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது.

அவர் வேலை பார்க்கும் ஒரு கட்டடத்தின் கூட்ட அறையில், சுவரோரம் ஒல்லியாக ஒரு தூண் நிற்கும். அது யாரையும் பார்த்துக் கத்தாது. ஆனால் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாலும் பேசுகிறவர் பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்கும். அங்கே ஒயரிங் பார்ப்பவரைக் கேட்டார். “உள்ள சின்னச் சின்னதா பதினாறு ஸ்பீக்கர் சார், ஒண்ணு மேல ஒண்ணு. எல்லாம் ஒரே வார்த்தைய ஒரே நேரத்துல சொல்லும். சத்தம் பக்கவாட்டுலதான் போகும், கூரைக்கும் தரைக்கும் அவ்வளவா போகாது.” மெக்கானிக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. லிப்ட் ஆறு கம்பிவடத்தில் தொங்குகிறது. ஆறும் சமமாக இழுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்ற ஐந்தின் ஆயுள் போய்விடும். கட்டைவிரலால் ஒவ்வொரு வடத்தையும் அமுக்கிப் பார்த்தே எது தளர்ந்தது என்று சொல்லிவிடுவார் அவர். ஆறு வடத்தைப் பொருத்தத் தெரிந்தவனுக்குப் பதினாறு ஸ்பீக்கரைப் பொருத்தத் தெரியாதா?

பழைய சாமான் கடைக்குப் போனார். உடைந்த டி.வி.க்களுக்கு நடுவே கழுத்து மட்டும் தெரியக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மூன்று வகை கிடைத்தது. காரில் வைக்கும் நாலு அங்குலம், மஞ்சள் கூம்பு, பெரிய காந்தம், பார்க்க ராஜா மாதிரி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இரண்டு அங்குலம். டி.வி. கம்பெனி ஒன்று மூடியபோது வந்த மூன்று அங்குலம், சாம்பல் நிறக் காகிதக் கூம்பு, பார்க்க ஒன்றுமேயில்லை. மெக்கானிக் ஒவ்வொன்றையும் எடுத்து அமுக்கினார், சுண்டினார், திருப்பினார்.

“தர்பூசணியா வாங்குறீங்க, தட்டித் தட்டிப் பாக்குறீங்க?” என்றார் கடைக்காரர்.

வகைக்கு ஒன்று வாங்கிவந்து வீட்டில் கேட்டார். கார் ஸ்பீக்கரில் டீச்சருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. இரண்டு அங்குலத்தில் டீச்சர் கொசுவாகிவிட்டார். மூன்று அங்குலத்தில் டீச்சர் டீச்சராகவே இருந்தார். பொடியாக இருந்ததால் நெருக்கி அடுக்கவும் வசதி. இடைவெளி கூடினால் ‘ச’வும் ‘ஸ’வும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பாதியில் காணாமல் போகும் என்று ஒயரிங்காரர் எச்சரித்திருந்தார். நாலு நாலாகக் கோத்து, அந்த நாலு கோவைகளையும் இணைத்துவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்குப் பாரமும் ஒரே ஒரு ஸ்பீக்கரின் பாரம்தான் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுநாள் போய், “டி.வி. ஸ்பீக்கர் நாப்பது வேணும்” என்றார். கடைக்காரர் எண்ணித் தர மறுத்தார். எடை போட்டுத்தான் கொடுத்தார்.

நாற்பதிலிருந்து பதினாறைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. டீச்சர் அன்றைய அரை மணி நேரத்தை முழுவதுமாக அவருக்கென்று ஒதுக்கியிருந்தார். இருபத்து எட்டோடு பதினாறு சேர்ந்துவிட்டது. மீதிப் பன்னிரண்டைக் கேட்கவே தேவைப்படவில்லை. மெக்கானிக் கதவைத் திறந்து, “முடிஞ்சுதும்மா. பதினாறும் தங்கம்” என்றார். டீச்சர் ஒரு டம்ளர் வெந்நீரைக் குடித்துவிட்டு எழுதினார்: ‘குளியலறைக் குழாய்?’

திங்கள் முதல் புதன் வரை பலகை அறுத்து, வட்டம் வட்டமாகத் துளையிட்டு, பதினாறையும் திருகி, பற்றவைத்து, பெட்டியை மூடினார். மூடியவுடன் சுவரில் சாய்த்து நிறுத்தி, தூரப் போய் நின்று பார்த்தார். அவர் நெஞ்சு உயரம் இருந்தது.

வியாழக்கிழமை காலை மச்சினன் வந்தான். மைக்செட்காரன். ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறி, வாசலிலேயே அதை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தான்.

“லிப்ட் மெக்கானிக் வீட்டுக்கு...”

“தெரியும் மாப்ள. உள்ள வா.”

மச்சினன் தூணைப் பார்த்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தான். இரண்டடி பின்னால் வந்து பார்த்தான்.

“இதென்ன மாமா, படியில்லாத ஏணி?”

“நாளைக்கு ஹால்ல பேசப்போறது இதுதான்.”

“இத்துணூண்டு ஸ்பீக்கர் ஹால் பூரா பேசுமா? என் குழாய வெச்சா பக்கத்து ஊருக்கே கேக்கும்.”

“பக்கத்து ஊர்க்காரன நாங்க கூப்பிடல. கடைசி வரிசைக்குக் கேக்கணும்.”

மச்சினன் மேஜையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினான். புரட்டியவன் நிறுத்தினான். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.

“மாமா, ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும் ‘தெளிவு’. எட்டு ‘சுமார்’. ஒம்பது ‘கம்மல்’. பத்து ‘கம்மல்’. பதினொண்ணு ‘ரொம்பக் கம்மல்’. பதினாலு ‘தகரம்’. அப்புறம் திடீர்னு பதினஞ்சு ‘தேன்’. அதெப்படி, கெட்டதெல்லாம் கைகோத்துக்கிட்டு வரிசையா வந்துச்சு?”

“கடைக்காரன் அடுக்கும்போதே அப்படி அடுக்கியிருப்பான்.”

“யாரு, அவனா? வாரிக் கொட்டி எடை போட்டவன் அவன்.” மச்சினன் சமையலறைப் பக்கம் திரும்பினான். “அக்கா! இங்க வா. பதினஞ்சுக்கு முன்னாடி நீ ஏதாவது குடிச்சியா?”

டீச்சர் வந்து, நோட்டைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து எழுதினார்: ‘வெந்நீர்.’

“பத்தொம்பது, இருபது ரெண்டுலயும் ‘கடுமை, காதைக் கிழிக்குது’ன்னு போட்டிருக்காரே?”

இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக எழுதினார். ‘ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது குளியலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. மூன்று வாரமாகச் சொல்கிறேன்.’

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் வாய் தானாகக் கேட்டது.

“இருபத்து மூணு?”

‘பால் பொங்கியது. அடுப்பை அணைக்க எழுந்து போனேன்.’

மச்சினன் நோட்டை மூடி, மரியாதையோடு அவர் கையில் கொடுத்தான். “மாமா, இது ஸ்பீக்கர் லிஸ்ட் இல்ல. எங்கக்காவோட ஞாயித்துக்கிழமை.”

மெக்கானிக் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வடத்தையும் ஒரே கட்டைவிரலால்தான் அமுக்குவார். ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் முதல் நாள் சொல்வதே அதுதான்: வடத்தைச் சோதிக்கும்போது விரலை மாற்றாதே. ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்பீக்கரையும் மாற்றினார், விரலும் தன்பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. களைத்தது, வெந்நீர் குடித்தது, கோபப்பட்டது, எழுந்துபோய்ப் பாலை இறக்கியது.

“அஞ்சு மணிக்கு ஹெட்மாஸ்டருக்குச் சொல்லணும்” என்றார்.

“மணி பத்துதான் ஆகுது. எந்திரிங்க.” மச்சினன் போனை எடுத்தான். ஜோக்கு முடிந்ததும் அவனுக்குள் இருந்த மைக்செட்காரன் வெளியே வந்துவிட்டான். “அக்கா, ஒரே ஒரு தடவை சொல்லு. பிடிச்சு வெச்சுக்கறேன். அதையே நாப்பதுக்கும் போடுவோம்.”

டீச்சர் சொன்னார். ஒரு தடவைதான். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் வீட்டில் ‘கடைசி வரிசை, அங்க என்ன பேச்சு?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியின் முதுகைத் திறந்து, ஒவ்வொன்றாக வயரைப் பிரித்துக் கேட்டார்கள். சோபாவுக்குப் பின்னால் கிடந்தவற்றையும், கேட்காமலே விட்ட பன்னிரண்டையும் கேட்டார்கள். நாற்பதில் ஐந்துதான் பழுது. மீதி முப்பத்தைந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் பேசின. பெட்டிக்குள் இருந்த பதினாறில் நான்காம் நம்பரும் பதினேழாம் நம்பரும் கம்பளி போர்த்திக்கொண்டு பேசின. மற்ற பதினான்கும் சரி.

“பரவால்ல, பதினாலு தேறிடுச்சே” என்றார் மெக்கானிக், கொஞ்சம் நிமிர்ந்து.

டீச்சர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டு அவர் முன்னால் வைத்தார். நாற்பதுக்கு முப்பத்தைந்து நல்லது என்றால் பதினாறுக்கு எத்தனை? விடை: 14. கீழே ஒரு வரி: ‘கண்ணை மூடிக்கொண்டு அள்ளியிருந்தாலும் இதேதான்.’

நான்கையும் பதினேழையும் கழற்றினார்கள். ஒன்றின் இடத்தில் முப்பத்தொன்று போயிற்று. இன்னொன்றுக்கு மெக்கானிக் அட்டைப்பெட்டியிலிருந்து இருபத்து மூன்றை எடுத்தார். நாற்பதிலும் ஒரு நூல் கூடுதலாகப் பேசியது அதுதான் என்று அவர் சொன்னார். மச்சினன் அப்படியொன்றும் தெரியவில்லை என்றான். மேலிருந்து எட்டாவதாக, உட்கார்ந்திருப்பவர் காதுக்கு நேராக, அதை வைத்துத் திருகினார். நோட்டில் ‘செத்தது’ என்பதை அடித்தார்.

தூணைக் கீழே இறக்க வேண்டும். கூம்புகளில் தூசி படாமலிருக்க வெள்ளைப் போர்வை சுற்றி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, முன்னால் மச்சினனும் பின்னால் மெக்கானிக்குமாகத் தூக்கினார்கள். பின்னால் டீச்சர் தலை குனிந்து, படி பார்த்து இறங்கினார். இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பார்த்தவுடன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“எப்ப?” என்றார் தாழ்ந்த குரலில்.

“இப்பதான் சார் முடிஞ்சுது” என்றான் மச்சினன் மூச்சு வாங்க. “மூணு நாள் வேலை.”

தபால்காரர் டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார். டீச்சருக்கு அன்றைக்கு மிச்சமிருந்த பேச்சு நேரத்தை இதில் செலவழிக்க மனமில்லை. அவரும் கைகூப்பிவிட்டு இறங்கினார்.

ஹாலில் நாலு மணி. தலைமையாசிரியர் வந்திருந்தார். கையில், எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே வாங்கிப்போயிருந்த டீச்சரின் பேச்சுப் பிரதி, ஓரங்களில் பென்சிலால் மூச்சு விடும் இடங்கள் குறித்திருந்தன. மேடையின் ஒரு பக்கம் குழாய்கள், இன்னொரு பக்கம் தூண்.

எப்படிச் சோதிப்பது என்பதை டீச்சரே முடிவு செய்திருந்தார். மூன்று பேரையும் கடைசி வரிசைக்கு அனுப்பினார். ஆளுக்கொரு தாள், பென்சில். டிக்டேஷன். முதலில் குழாயில் பத்து வார்த்தை. பிறகு தூணில் வேறு பத்து.

“நானுமா?” என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் மேடையிலிருந்து அவரைப் பார்த்தார். அவர் உட்கார்ந்தார்.

குழாயில் சொன்னபோது ஒவ்வொரு வார்த்தையும் கூரைக்குப் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வந்தது. மச்சினன் இரண்டு வார்த்தைக்குப் பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு டீச்சர் தூணுக்கு மாற்றச் சொன்னார். அதே மைக், அதே குரல். சத்தம் பெரிதாகவில்லை. யாரோ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் பேசுவதுபோல் இருந்தது. மெக்கானிக் முதல் வார்த்தையை எழுத மறந்துவிட்டார். அந்தக் குரலை நாலு மாதமாக மூன்று பெஞ்சு தூரத்துக்குள்ளேயே கேட்டுப் பழகியிருந்தார்.

“மாமா, எழுதுங்க.”

“உன் தாளப் பாரு நீ.”

“உங்களது தெரியல, கைய எடுங்க.”

டீச்சர் தாள்களை வாங்கி, மேடை விளிம்பில் உட்கார்ந்து திருத்தினார். குழாயில் தலைமையாசிரியர் ஐந்து, மெக்கானிக் நான்கு, மச்சினன் மூன்று. அதுவும் அவனுடைய சொந்தக் குழாய். தூணில் தலைமையாசிரியர் பத்து, மெக்கானிக் ஒன்பது, மச்சினன் எட்டு.

“எனக்குப் பத்தா?” என்று தலைமையாசிரியர் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மடித்துப் பையில் வைக்கப் போனவரை நிறுத்தி, டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி மதிப்பெண்ணுக்குக் கீழே எழுதினார்: ‘நாளை நானே பேசுகிறேன்.’

தலைமையாசிரியர் அதைப் படித்தார். கையிலிருந்த பிரதியைப் பார்த்தார்.

“அப்ப நான் நாலு நாளா வீட்ல வாசிச்சுப் பழகினது?”

“உங்க வீட்டுக்காரங்களுக்கு ஒரு நல்ல பேச்சு கேட்ட மாதிரி ஆச்சு சார்” என்றான் மச்சினன். அவன் மேடைக்குப் போய்க் குழாய்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் பத்தே முக்காலுக்கு விழா ஆரம்பித்தது. மின்விசிறிகள் சத்தம் போட்டதால் நிறுத்தப்பட்டன. டீச்சர் பதினொன்று இருபதுக்குப் பேசினார். நான்காவது நிமிடத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக், இப்போது கேட்பது மேலிருந்து எட்டாவது ஸ்பீக்கர் என்று மச்சினனிடம் சொன்னார். பதினாறில் ஒன்றைத் தனியாகக் கேட்க யாராலும் முடியாது என்று மச்சினன் சொன்னான். டீச்சர் வாசிப்பதை நிறுத்தி, “கடைசி வரிசை, அங்க என்ன பேச்சு?” என்றார். இருவரும் நிறுத்தினார்கள். டீச்சர் மீதியை வாசித்து முடித்தார். தலைமையாசிரியர் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். மூன்று மணிக்குத் தூணை நாலு மாடி ஏற்றினார்கள். இரண்டாவது மாடித் தபால்காரர் வெளியே வரவில்லை. மச்சினன் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு போனான். ஐந்து மணிக்கு மெக்கானிக் குளியலறைக் குழாய்க்குப் புது வாஷர் போட்டார்.